பத்திரம் இருக்கா மேடம்?

என் வங்கி ஸ்டேட்மென்ட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வரி வந்து போகும். "சி.ஜி.டி.எம்.எஸ்.இ. கட்டணம்" என்று இருக்கும். சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கிற ஒரு டிரஸ்ட்டின் பேர் அது. முதல் வருஷம் பத்தாயிரத்துச் சொச்சம் பிடித்தார்கள். பட்டறையில் சலான் எழுதும் பையன் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா, டியூவும் இல்ல, வட்டியும் இல்ல?" என்று கேட்டான்.

"இன்ஷூரன்ஸ்டா."

"நமக்கா?"

"இல்ல, பேங்குக்கு."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பேங்குக்கு இன்ஷூரன்ஸ், பணம் நம்ம கையிலிருந்து. ஏமாந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை, ஆனால் முழுசாக மாறிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது.

பட்டரவாக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி, வாடகை ஷெட்டில் எங்கள் லேத் பட்டறை. அப்பா ஆரம்பித்தது. அவருக்கு முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது, 2019-இல், கூரியர் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் வந்தேன். படித்தது பி.காம். மைக்ரோமீட்டர் பிடிக்கவே மூன்று மாதம் ஆனது. புஷ், ஸ்பேசர், பின் என்று பம்புக்கும் வண்டிக்கும் போகிற சின்னச் சின்ன உருப்படிகள்தான் எங்கள் ஜாப் ஒர்க்.

2023 ஆரம்பத்தில், எங்களுக்குப் பாதி வேலை கொடுக்கிற கம்பெனி, புஷ்ஷின் அளவில் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. அப்பா காலத்து லேத்தில் நல்ல ஆள் நின்றால் காலையில் அந்த அளவு வரும், சாயங்காலம் வராது. கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மெஷின் வாங்கியே ஆகவேண்டும். ஜி.எஸ்.டி.யோடு 24 லட்சம். என் கையில் 6 இருந்தது. மீதி 18 கடன்.

முதலில் போனது அப்பா இருபது வருஷமாகக் கணக்கு வைத்திருந்த கிளைக்கு. பேரைச் சொல்லப்போவதில்லை. மேனேஜர் நல்ல மனுஷர், டீ வரவழைத்தார். கொட்டேஷனைப் புரட்டினார். ஆடிட்டர் செய்து கொடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"பத்திரம் இருக்கா மேடம்?"

"சி.ஜி.டி.எம்.எஸ்.இ.ல பண்ணலாம்னு ஆடிட்டர் சொன்னார் சார்."

"அதெல்லாம் இருக்கு மேடம். ஆனா…" என்று இழுத்து, "வீட்டுக்காரர் பேர்ல ஏதாவது ப்ராப்பர்ட்டி?" என்றார்.

கடைசியில் ஒரு வழி சொன்னார். 10 லட்சத்துக்குள் வாங்கிக்கொண்டால் பத்திரம் வேண்டாமாம். அது அவர் காட்டிய சலுகை இல்லை. சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. அப்போது அதற்கு மேலே போனால்தான் வங்கியின் இஷ்டம். "10 லட்சத்துக்குப் பாதி மெஷின் தருவாங்களா சார்?" என்று கேட்டேன். சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்தபோது சிரிப்பு வரவில்லை.

பத்திரம் இல்லாமல் இல்லை. கொரட்டூர் வீட்டுப் பத்திரம் அம்மாவின் பீரோவில், மஞ்சப்பைக்குள், அதற்குள்ளே ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. 1996-இல் அப்பா அதை ஒரு லேத்துக்காக வங்கியில் வைத்தார். திரும்பி வர ஏழு வருஷம் ஆனது. வந்த அன்றைக்கு அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து சாமி படத்துக்குக் கீழே ஒரு வாரம் வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் முத்திரைக்குப் பக்கத்தில் அந்தக் குங்குமம் இன்னும் லேசாக ஒட்டியிருக்கிறது. "இனிமே இது வாசப்படி தாண்டாது" என்று அன்றைக்குச் சொன்னதுதான். அப்பாவும் அதற்கப்புறம் கேட்டதில்லை. நான் கேட்பதாகவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வில்லிவாக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து 2009-இல் ரிட்டயர் ஆனவர். கதையைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். அந்த அட்டையை இன்னமும் வைத்திருக்கிறேன்.

"கவர்மென்ட் உனக்குக் கடன் கொடுக்கல. பேங்க்தான் கொடுக்குது. நீ கட்டலைன்னா பேங்குக்கு ஆகிற நஷ்டத்துல பெரும்பங்கை ஒரு டிரஸ்ட் ஏத்துக்கும். அவ்வளவுதான் விஷயம்."

அந்த சி.ஜி.டி.எம்.எஸ்.இ. டிரஸ்ட்டை மத்திய அரசும், சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-ஆவது வருஷம் ஏற்படுத்தின. அரசின் பணம் நாலு பங்கு, சிட்பியின் பணம் ஒரு பங்கு. ஆரம்பத்தில் 25 லட்சம் வரையிலான கடனுக்குத்தான் உத்தரவாதம் இருந்தது. படிப்படியாக ஏறி 2023 ஏப்ரலில் 5 கோடி, 2025 ஏப்ரலில் 10 கோடி என்று ஆகிவிட்டது.

அட்டையில் சித்தப்பா போட்ட கணக்கு இது. ஒருத்தன் 10 லட்சம் பாக்கி வைத்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். உத்தரவாதம் 75 சதவீதம் என்றால் டிரஸ்ட் ஏற்பது 7,50,000. அதையும் ஒரே மூச்சில் தராது. கணக்கு வாராக்கடன் ஆகி, வங்கி சட்ட நடவடிக்கையை ஆரம்பித்த பிறகு, அதில் முக்கால் பங்கு, அதாவது 5,62,500 முதலில் வரும். மிச்சம் 1,87,500 வசூல் நடவடிக்கை எல்லாம் ஓய்ந்த பிறகு. கடன் கொடுத்த முதல் 18 மாதத்துக்கு கிளெய்மே போட முடியாது. மீதி இரண்டரை லட்சம் வங்கியின் தலையில்தான்.

"அப்ப கட்டாதவன் தப்பிச்சிடுவானா?"

"எங்க தப்பிக்கிறது! பேங்க் அவனைத் துரத்திக்கிட்டேதான் இருக்கணும். வசூலாகிறதுல டிரஸ்ட்டுக்குப் பங்கு கொடுக்கணும். சிபில்ல, அதான் கடன் ரெக்கார்டுல, அவன் பேர் கெட்டது கெட்டதுதான்."

எங்கள் எஸ்டேட் டீக்கடையில் பாதிப் பேர் நினைப்பது வேறு. "கவர்மென்ட் கேரண்டி லோன்ப்பா, கட்டலைன்னா கவர்மென்ட் பாத்துக்கும்." இதை நம்பி மூழ்கினவர்கள் உண்டு. இன்னொரு கூட்டம், "அஞ்சு பர்சென்ட் கொடுங்க, டிரஸ்ட்ல நேரா பேசி வாங்கித் தர்றேன்" என்று வாட்ஸப்பில் வருகிறது. டிரஸ்ட் யாருக்கும் நேராகக் கடன் கொடுப்பதே கிடையாது. வங்கி மூலமாகத்தான். அந்த ஐந்து சதவீதம் நேராகப் போகிற இடம் அவர்கள் சட்டைப் பைதான்.

எனக்குப் பட்டது இதுதான். நம் வீடுகளில் ஜாமீன் கையெழுத்துப் போட மாமா, பெரியப்பா யாரையாவது தேடிப் போவோம். அவர்கள் கண்ணாடியைக் காணோம் என்று தேடுவார்கள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட்ட ஒரு சிநேகிதர், இரண்டு தவணை தள்ளிப்போனதற்காக எங்கள் வீட்டுப் படி ஏறுவதையே நிறுத்திவிட்டார். அந்த மாமா இடத்தில் அரசாங்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. முழுத்தொகைக்குப் போடாது, பெரும்பகுதிக்குப் போடும். வருஷா வருஷம் வெற்றிலை பாக்குச் செலவு கேட்கும். ஆனால் கல்யாணத்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது.

"சரி சித்தப்பா, இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் மேனேஜர் ஏன் இழுக்கிறார்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "பேங்குக்குதாம்மா கேரண்டி. மேனேஜருக்கு யார் கேரண்டி?"

கடன் கெட்டால் டிரஸ்ட்டிடமிருந்து வங்கிக்குப் பணம் வந்துவிடும். ஆனால் அதைச் சாங்ஷன் செய்த மேனேஜரை மேலிடம் விசாரிக்கும். பிசினஸைச் சரியாகப் பார்த்தாயா, மெஷினை நேரில் போய்ப் பார்த்தாயா, இன்ஷூரன்ஸ் எடுக்க வைத்தாயா என்று கேள்வி வரும். காகிதத்தில் ஏதாவது ஓட்டை இருந்தால் டிரஸ்ட் கிளெய்மைத் தள்ளிவிடவும் செய்யும். அப்போது மொத்தமும் அந்த ஆளின் தலையில். பத்திரம் வாங்கி வைத்திருந்தால், கடன் கெட்டாலும் "சொத்து இருக்கு சார்" என்று ஒரு வரி எழுதித் தப்பித்துவிடலாம். "பத்திரம்ங்கிறது பேங்கைக் காப்பாத்துறதைவிட மேனேஜரைத்தான் அதிகமா காப்பாத்தும்" என்றார். அவர் எத்தனை பேரிடம் பத்திரம் கேட்டிருப்பார் என்று கேட்க வந்தது. சித்தி வடை கொண்டு வந்ததால் கேட்கவில்லை.

இது ஒன்றும் புதுசு இல்லையாம். 1960-லேயே சிறுதொழில் கடனுக்கு ஒரு உத்தரவாதத் திட்டம் இருந்திருக்கிறது. 1971-இல் சின்னக் கடன்களுக்கு உத்தரவாதம் தரத் தனியாக ஒரு கார்ப்பரேஷன் வந்தது. 1978-இல் அதை டெபாசிட் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனோடு சேர்த்தார்கள். இன்றைக்கு நம் வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்புத் தருகிற நிறுவனம் அதுதான். கடன் உத்தரவாத வேலையை அது எப்போதோ விட்டுவிட்டது, பேரில் மட்டும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது, கடையை மூடின பிறகும் கழற்றாத போர்டு மாதிரி. எண்பதுகளின் லோன் மேளாவில் மேஜை போட்டு உட்கார்ந்த கதையை சித்தப்பா எப்போதும் சொல்வார். ஒரே எருமையை மூன்று பேர் ஓட்டி வந்து காட்டிக் கடன் வாங்கினார்களாம். போன தீபாவளிக்கு அது இரண்டு பேராக இருந்தது.

முழு உத்தரவாதம் கொடுத்தால் வங்கி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். 2020 மே மாதம், ஊரடங்கு. பட்டறை பூட்டிக் கிடந்தது. அப்பாவின் பழைய ஓவர்டிராஃப்ட் கணக்கில் 6 லட்சம் பாக்கி. அதே கிளையிலிருந்து அவர்களே போன் செய்தார்கள். பிப்ரவரி 29 அன்று இருந்த பாக்கியில் 20 சதவீதம், அதாவது 1,20,000, கூடுதலாகத் தருகிறோம் என்றார்கள். புதுசாகப் பிணை எதுவும் வேண்டாம், உத்தரவாதக் கட்டணமும் கிடையாது, முதல் ஒரு வருஷம் அசல் கட்ட வேண்டாம், வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகாது. கையெழுத்துப் போட மட்டும் வந்தால் போதும். அந்த அவசரகாலத் திட்டத்தில் அரசு கொடுத்தது நூற்றுக்கு நூறு உத்தரவாதம். பத்திரம் என்ற வார்த்தையே அந்த போனில் வரவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பணத்தில்தான் மூன்று பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தேன்.

அப்படியென்றால் எப்போதும் நூறு சதவீதமே கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்தால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைக்கூட யாரும் புரட்டமாட்டார்கள். தன் பணமும் கொஞ்சம் மாட்டியிருந்தால்தான் கொடுக்கிறவன் ஆளைப் பார்ப்பான், இடத்தைப் பார்ப்பான். அந்த 25 சதவீதத்தை வங்கியின் தலையில் விட்டது சரிதான் என்று எனக்கே படுகிறது. அதனால் அலைந்தது நான்தான் என்றாலும்.

மூன்றாவதாகப் போன வங்கியில் கிடைத்தது. அந்த மேனேஜர் பட்டறைக்கே வந்தார். ஷூவில் கூலன்ட் எண்ணெய் படுவதைப் பற்றிக் கவலைப்படாமல் அப்பாவின் லேத் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று, ஒரு புஷ்ஷை எடுத்து உருட்டிப் பார்த்து, இதற்கு என்ன கூலி என்று கேட்டார். கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டர்களையும் ஆறு மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் கேட்டார். பத்திரம் கேட்கவில்லை. 2023 ஜூனில் சாங்ஷன் ஆனது. ஐந்து வருஷம், மாதம் 39,000 சொச்சம். 10 முதல் 50 லட்சம் வரையிலான கடனுக்கு உத்தரவாதக் கட்டணம் வருஷத்துக்கு 0.55 சதவீதம், பெண் என்பதால் அதில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி, மேலே ஜி.எஸ்.டி. அதுதான் அந்தப் பத்தாயிரத்துச் சொச்சம். அந்த ஏப்ரலில்தான் கட்டணத்தைக் குறைத்திருந்தார்கள். முன்னே எடுத்தவர்கள் இன்னும் அதிகம் கட்டியிருக்கிறார்கள். மெஷின் வந்து இறங்கி பூஜை போட்ட மறுநாளே, "இந்த மெஷின் இன்ன வங்கிக்கு ஹைப்பாதிகேஷன் செய்யப்பட்டது" என்று, அதாவது கடன் தீரும்வரை மெஷின் அவர்களுக்கு ஈடு என்று, ஒரு தகடு அடித்துவிட்டுப் போனார்கள். எலுமிச்சம்பழத்துக்கும் தகடுக்கும் நடுவே ஒரு சாண் இடம்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. டிசம்பர் 4, மிக்ஜாம் புயல்.

அம்பத்தூரில் அன்றைக்கு இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே தண்ணீரின் மேலே டீசல் வாசம், மிதக்கிற பிளாஸ்டிக் டிரே, ஒரு செருப்பு. மெஷினின் பெட்டில் ஒரு சாண் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மெயின் பேனல் உயரத்தில் இருந்ததால் தப்பித்தது. கீழே இருந்த கூலன்ட் பம்பும், லூப்ரிகேஷன் யூனிட்டும், ஒரு மோட்டாரும் போச்சு. சர்வீஸ் ஆள் வந்து பார்க்கவே பன்னிரண்டு நாள். ஊரெல்லாம் இதே கதை.

டிசம்பர் டியூ கட்ட முடியவில்லை. ஜனவரியும் போனது. பொங்கல் கழிந்து மேனேஜர் வந்தார். இந்த முறை புஷ் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை.

"மேடம், முப்பது நாள் தாண்டிடுச்சு. தொண்ணூறு தாண்டினா என்.பி.ஏ., வாராக்கடன்."

"உத்தரவாதம் இருக்குல்ல சார்?" வாய் தவறி வந்துவிட்டது.

கோபப்படவில்லை. "இருக்கு. பேங்குக்கு பணம் வரும் மேடம். எனக்கு மெமோ வரும்" என்றார். சித்தப்பா வடைக்கு முன்னால் சொன்ன அதே விஷயம், இப்போது எதிரே பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு நின்றது.

மெஷினுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் பணம் ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் கேட்டதில் முக்கால். பிப்ரவரி முதல் வாரத்தில் என் நாலு வளையலைத் தெருமுனை அடகுக்கடையில் வைத்து இரண்டு டியூவையும் கட்டினேன். சொத்துப் பிணையே இல்லாத கடனைக் காப்பாற்ற வளையலைப் பிணை வைத்தேன். சித்தப்பாவிடம் சொன்னால் அட்டையில் எழுதிக் கணக்குப் போடுவார் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியும். என் கையைப் பார்த்தாள், பீரோ பக்கம் ஒரு தடவை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் பத்திரத்தைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேனா என்று இன்னமும் தெரியவில்லை. வளையல் ஆகஸ்டில் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு டியூவும் தவறவில்லை. பாக்கி குறையக் குறைய அந்த உத்தரவாதக் கட்டணமும் வருஷா வருஷம் குறைகிறது. சலான் பையன் இப்போது அந்த வரியைப் பார்த்து எதுவும் கேட்பதில்லை, "மாமா கட்டணம்" என்று பென்சிலால் எழுதிவைக்கிறான். பெண்கள் நடத்தும் தொழிலுக்கு உத்தரவாதத்தை இப்போது 90 சதவீதமாக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும்தான் இரண்டாவது மெஷினுக்குத் துணிச்சல் வந்தது.

போன வாரம் கிளைக்குப் போனேன். ஷூவில் எண்ணெய் பட்ட மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் கம்ப்யூட்டரில் என் கணக்கைத் திறந்து, கொஞ்ச நேரம் படித்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "2024 ஜனவரில ரெண்டு டியூ நிலுவை காட்டுதே, ஏன் மேடம்?"

போனை எடுத்து, ஷட்டரைத் தூக்கிய அன்றைக்கு எடுத்த படத்தைக் காட்டினேன். மெஷின், சேற்றுக் கோடு, மிதக்கிற செருப்பு, தகட்டில் அவர்கள் வங்கியின் பேர். விரலால் பெரிசாக்கி அந்தத் தகட்டைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொட்டேஷன் எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.